எல்லைக்கோட்டில் ஒரு ரத்தக்குழாய்

அந்தப் பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைக் கூடத்தில் தரையின் நடுவே ஒரு கோடு ஓடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மஞ்சள் தரை, அது வயிற்றுப் பிரிவுக்குச் சொந்தம். அந்தப் பக்கம் பச்சைத் தரை, அது எலும்புப் பிரிவுக்கு. கோட்டைப் போட்ட பெயிண்டருக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் அவர் போட்ட கோட்டை இன்றுவரை எந்த டாக்டரும் தாண்டியதில்லை. வயிற்றில் கோளாறு என்றால் மஞ்சள், எலும்பு முறிந்தால் பச்சை. மனித உடம்பும் பெரிய மனது பண்ணி இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துழைத்துத்தான் வந்தது, பள்ளி வேன் ஓட்டுநரின் மனைவி வந்து சேருகிற வரைக்கும்.

அவள் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். துணி மூட்டை ஏற்ற வந்த லாரி பின்னால் எடுக்கும்போது, லாரிக்கும் சுவருக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டாள். லாரி உடனே நின்றுவிட்டது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை, உடுத்தியிருந்த துணிகூடக் கிழியவில்லை. அதைப் பார்த்துத்தான் வேன்காரர் கொஞ்சம் தைரியமாக இருந்தார். வழி நெடுக, "ரத்தம் எதுவும் வரல, பயப்படாத, ரத்தம் எதுவும் வரல," என்று சொல்லிக்கொண்டே அழைத்து வந்தார். ஸ்கேன் எடுத்த பிறகுதான் அவள் ஏன் வெளுத்துக்கொண்டே போகிறாள், ஏன் அப்படி வியர்க்கிறது என்பது தெரிந்தது.

ஸ்கேன் அறையிலிருந்து ஒரு டாக்டரம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். கூடத்தில் எல்லோரும் அவரைக் கம்பி டாக்டர் என்பார்கள். தொடையிடுக்கில் சின்னதாக ஒரு துளை போட்டு, ரத்தக்குழாய்க்குள்ளேயே மெல்லிய கம்பியையும் குழாயையும் செலுத்தி, எங்கே ஒழுகுகிறதோ அந்த இடம் வரை போய் அடைத்துவிட்டு வருவது அவருடைய தொழில். வயிற்றைக் கிழிக்க வேண்டாம். பெரும்பாலும் முழு மயக்கம்கூட வேண்டாம்.

"இடுப்பெலும்பு ஒடஞ்சிருக்கு. அது பொறுக்கும்," என்றார் கம்பி டாக்டர். "ஆனா உள்ள ஒரு ரத்தக்குழாய் கிழிஞ்சு ஒழுகிட்டே இருக்கு. இப்பவே அடைச்சா பொழைச்சுக்குவாங்க."

"அடைங்கம்மா," என்றார் வேன்காரர்.

"அடைக்கலாம். யாராவது எங்கிட்ட அனுப்பணும்."

"நான் அனுப்புறேன்."

"நீங்க புருஷன். உங்களுக்கு அந்த அதிகாரம் கெடையாது. ஏதாவது ஒரு பிரிவு அனுப்பணும்."

வேன்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பார்த்த உலகத்தில், ஒரு பொருள் ஒழுகினால் அதை அடைக்கத் தெரிந்தவர் அடைப்பார். கம்பி டாக்டர் பொறுமையாக விளக்கினார். அவருடைய பிரிவுக்குச் சொந்தமாக நோயாளி கிடையாது. வயிற்றுப் பிரிவோ எலும்புப் பிரிவோ முதலில் ஒரு நோயாளியைத் தன்னுடையவர் என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு, மனமிருந்தால், அவரிடம் அனுப்பி வைக்கலாம். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. இதை அவர் இதற்கு முன்னும் பலரிடம் விளக்கியிருக்கிறார். எல்லோருக்கும் விளக்கி முடிக்க நேரம் இருந்ததில்லை.

சிக்கல் இதுதான். கிழிந்த குழாய் புறப்படுவது வயிற்றில். அது ஒழுகும் இடமோ இடுப்பு. பிறந்த இடத்தைப் பார்த்தால் மஞ்சள், ஒழுகும் இடத்தைப் பார்த்தால் பச்சை. தள்ளுவண்டியைக் கொண்டுவந்த ஊழியர் அனுபவசாலி. ஸ்கேன் முடிவைக் கேட்டதும், தலைப்பக்கச் சக்கரங்களை மஞ்சளிலும் கால்பக்கச் சக்கரங்களைப் பச்சையிலும் பதமாக நிறுத்தினார். ஒரு சக்கரம் மட்டும் எண்ணெய் காணாதது. நகரும்போதெல்லாம் கீச்சென்று அழுதது. நர்ஸ் ஒருத்தி ரத்தப் பை மாட்டிய கம்பத்தைக் கொண்டுவந்து, யாருடைய தரையிலும் படாமல் கச்சிதமாகக் கோட்டின் மேலேயே நிறுத்தினாள். நல்ல பெண். கேள்வி கேட்காமல் ரத்தம் ஏற்றியது அவள் ஒருத்திதான்.

"இப்படி நடுவுல நிக்க வெச்சா எப்படி? யாராவது ஒருத்தர் பக்கம் தள்ளுங்களேன்," என்று கத்தினாள் கொழுந்தியாள். வேன்காரர் மனைவியின் தங்கை துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பவள். அவள் குரல் கடைக்கோடிக்கும் கேட்கும்.

"தள்ளுனா எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா," என்றார் ஊழியர்.

எடுத்துக்கொள்ள இரண்டு பிரிவுகளுக்கும் மனமில்லாததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த ஆண்டு மருத்துவமனை 'சாவில்லாத் துறை' என்று ஒரு சுழற்கேடயம் அறிவித்திருந்தது. எந்தப் பிரிவின் கணக்கில் குறைந்த உயிர்கள் போகின்றனவோ அந்தப் பிரிவுக்குக் கேடயம். அறிவித்த நாளிலிருந்து நோயாளிகள் சாவது குறையவில்லை. எந்தப் பிரிவையும் சேராமல் சாவதுதான் பழக்கமாகிவிட்டது.

ஆகவே உரிமை நிர்ணயக் கூட்டம் கூட்டப்பட்டது. அது விதி. மருத்துவமனை முதல்வர், வயிற்றுத் தலைவர், எலும்புத் தலைவர், குறிப்பெடுப்பவர், கூப்பிட்டால் மட்டும் பேசலாம் என்ற நிபந்தனையோடு கம்பி டாக்டர். நோயாளி தரப்பு என்ற பெயரில் வேன்காரரையும் ஓர் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். நாற்காலிகள் மெத்தென்று இருந்தன. அவர் நுனியில்தான் உட்கார்ந்தார்.

"முதல்ல, போன கூட்டம் நடந்துக்கிட்டு இருக்கும்போது காலமானவங்களுக்கு மௌன அஞ்சலி," என்றார் முதல்வர்.

எல்லோரும் எழுந்து தலையைக் குனிந்தார்கள். வேன்காரருக்கு அது காதில் சரியாக ஏறவில்லை. எல்லோரும் எழுந்து நிற்பதை மட்டும் பார்த்தார். தன் மனைவிக்காகத்தான் நிற்கிறார்கள், கீழே எல்லாம் முடிந்துவிட்டது, தனக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்று நினைத்துவிட்டார். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அஞ்சலி முடிந்து எல்லோரும் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான், பக்கத்திலிருந்த குறிப்பெடுப்பவர், "இது வழக்கமா செய்யறது. உங்களுக்கு இல்ல," என்று மெல்லச் சொன்னார். அந்த நிம்மதிக்காக வேன்காரர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். எதற்காகக் கும்பிடுகிறோம் என்று பிறகு யோசித்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது.

வயிற்றுத் தலைவர் எழுந்தார். "எலும்புப் பிரிவு மேல எனக்கு எப்பவும் மரியாதை உண்டு. இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு? எலும்பு ஒடஞ்சுது. எலும்பு ஒடையலேன்னா குழாய் கிழிஞ்சிருக்குமா? அப்ப எலும்புதான் மூலம். மூலத்தை விட்டுட்டு நான் போய் வயித்தத் தொறந்தா, அது ஒரு சக பிரிவை அவமதிக்கிற காரியம். எத்தனையோ வயித்தத் தொறந்திருக்கேன். தொறக்கறதுக்கு எனக்கு ஒரு தயக்கமும் கெடையாது. மூடறதுதான் சில சமயம் முடியறதில்ல. அந்தப் பெருமை இந்தத் தடவை அவங்களுக்கே போகட்டும்."

எலும்புத் தலைவர் கண் கலங்கும் அளவுக்கு நெகிழ்ந்துபோனார். "இவ்வளவு பெருந்தன்மைய என்னால ஏத்துக்க முடியாது. வயிறு மூத்தது. அந்தக் குழாய் அங்க பொறந்த புள்ள. எங்க வீட்டு வாசல்ல விழுந்துட்டதுக்காக நாங்க எங்க புள்ளன்னு சொல்லிக்கலாமா? எலும்பக் குடுங்க, திருகாணி போட்டு முடுக்கித் தரேன். ரத்தம்கிறது ஓடுற பொருள். ஓடுற பொருள நாங்க எடுத்துக்கறதில்ல."

"அவ தண்ணி கேட்டுக்கிட்டே இருக்கா சார்," என்றார் வேன்காரர். குரல் அவரை அறியாமல் வந்துவிட்டது. "கை கால் எல்லாம் சில்லுனு இருக்கு. தண்ணி, தண்ணின்னு கேக்குறா."

முதல்வர் பரிவோடு அவரைப் பார்த்தார். பிறகு குறிப்பெடுப்பவர் பக்கம் திரும்பி, "தாகம் எந்தப் பிரிவுல வருதுன்னு அடுத்த கூட்டத்துக்கு வெச்சுக்கலாம்," என்றார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு கொழுந்தியாள் உள்ளே வந்தாள். அந்தக் குரல் முதல் முறையாக இறங்கிப் போயிருந்தது.

"மாமா, அக்காவுக்குப் பேச்சு குழறுது. என்னைய யாருன்னு கேக்குறா."

வேன்காரர் எழுந்தார். எழுந்தாரே தவிர, எங்கே போவது, யார் காலைப் பிடிப்பது என்று தெரியவில்லை. அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அவளைக் காப்பாற்றும் அதிகாரத்தில் ஒரு துண்டு இருந்தது. துண்டுகளை ஒன்று சேர்க்கத்தான் ஆள் இல்லை. அவருக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரப்பட்டால் இன்னும் தள்ளிப்போட்டுவிடுவார்களோ என்று பயமாகவும் இருந்தது. பயந்துகொண்டு நின்றார்.

முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். "விருந்தாளிங்க வந்திருப்பாங்க. புதுக் கம்பி அறையைக் காட்டணும். கூட்டத்தை ஒத்தி வெச்சுக்கலாமா?"

கூப்பிடாமலே கம்பி டாக்டர் எழுந்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"சார், அறைய காட்டும்போது மேசை காலியா இருந்தா நல்லாவா இருக்கும்? அவ்வளவு பெரிய கண்ணாடிச் சுவர் போட்டிருக்கோம்."

"ஆமால்ல. போன தடவை என்ன பண்ணோம்?"

"பொம்மைய படுக்க வெச்சு செய்முறை விளக்கம் காட்டினோம் சார். பொம்மை இப்ப ரிப்பேர். ஆனா படுத்த நெலமையில ஒருத்தங்க தயாரா இருக்காங்க."

முதல்வர் யோசித்தார். "இதுக்கு உரிமை நிர்ணயம் வேணுமா?"

"செய்முறை விளக்கத்துக்கு வேணாம் சார். பொம்மை எந்தப் பிரிவுலயும் சேராது."

"அப்ப சரி. விருந்தாளிங்க டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஏற்பாடு பண்ணிடுங்க."

கம்பி டாக்டர் வாசல்வரை நடந்தார். வாசலைத் தாண்டியதும் ஓடினார். வேன்காரரும் கொழுந்தியாளும் பின்னால் ஓடினார்கள். கோட்டின் மேல் நின்றிருந்த வண்டியை ஊழியர் ஒரே தள்ளாகத் தள்ள, சக்கரம் நடைபாதை முழுக்கக் கீச்சிட்டுக்கொண்டே போனது.

கம்பி அறையின் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் விருந்தாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கையில் டீ, மடியில் பிஸ்கட் தட்டு. அந்தப் பக்கம் மேசையில் அவள். உள்ளே திரையில் கறுப்பு வெள்ளையில் ரத்தக்குழாய்கள் இலை உதிர்ந்த மரக்கிளை மாதிரி தெரிந்தன. ஒரு கிளையின் நுனியில் மை கொட்டினாற்போல் ஒரு கறை பரவிக்கொண்டே இருந்தது. அதுதான் தன் மனைவி என்று வேன்காரருக்குப் புரிந்தது. அவள் அங்கே கசிந்து போய்க்கொண்டிருக்கிறாள்.

முதல்வர் ஒலிபெருக்கியில் பேசினார். "பாருங்க, எவ்வளவு சின்ன துளை! நம்ம நிறுவனத்தோட கொள்கையே இதுதான். உள்ள வர்ற வாசல எவ்வளவு முடியுமோ அவ்வளவு சின்னதா வெக்கணும். ஒடம்புல மட்டும் இல்ல, எல்லா எடத்துலயும் அதத்தான் கடைப்பிடிக்கிறோம்."

கைதட்டினார்கள். கம்பி டாக்டரின் விரல்கள் ஒரு கம்பியை நூல் நூலாக உள்ளே நகர்த்தின. மயிரிழை போன்ற உலோகச் சுருள் ஒன்று கறையின் வாயில் போய்ச் சுருண்டு உட்கார்ந்தது. பின்னாலேயே இன்னொன்று. குழாய்களைத் திரையில் காட்டும் மருந்தை மறுபடி செலுத்திப் பார்த்தபோது கிளை இருந்தது, கறை இல்லை. டாக்டர் தோள்களைத் தளர்த்தி மூச்சு விட்டதைக் கண்ணாடி வழியாகவே பார்க்க முடிந்தது.

"அந்தம்மா என்ன தத்ரூபமா நடிக்கிறாங்க! மொகத்தப் பாத்தா நெஜமாவே சாகற மாதிரி இருக்கு," என்றார் விருந்தாளி ஒருவர்.

வேன்காரர் அவர் பக்கம் திரும்பினார். அழுகைதான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்து அழுதார். விருந்தாளி தன் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

அவள் பிழைத்தாள். மறுநாள் நாடி சீரானதுதான் தாமதம், வயிற்றுத் தலைவர் பூங்கொத்தோடு வந்து, "எங்க வயித்துல பொறந்த குழாய்," என்றார். அவர் போவதற்குள் எலும்புத் தலைவர் இன்னும் பெரிய பூங்கொத்தோடு வந்து, "எங்க இடுப்புல நின்ன ரத்தம்," என்றார். நேற்றுவரை யாருக்கும் வேண்டாதவளை இப்போது இருவரும் விடுவதாக இல்லை. அவள் கட்டில் ஒரு நாள் மஞ்சள் வார்டுக்கும் மறுநாள் பச்சை வார்டுக்கும் போய்வந்தது. எலும்புக்குத் திருகாணி போட்டதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது, ஒழுங்காகவே போட்டார்கள். கம்பி டாக்டருக்கு ஒரு விளக்கக் கடிதம் போனது. பொம்மைக்கு நிஜமான சுருளைப் பயன்படுத்தியது ஏன் என்று அதில் கேட்டிருந்தார்கள்.

நடந்ததையெல்லாம் கொழுந்தியாள் அக்காவிடம் சொன்னாள். டீ, பிஸ்கட், பொம்மை, ஒன்றையும் விடவில்லை. அக்கா கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள்.

"அப்ப அன்னிக்கு பொம்மை ரிப்பேர் ஆகாம இருந்திருந்தா?" என்றாள் கடைசியில்.

கொழுந்தியாள் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

அவள் கைத்தடி ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகு, மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. சாவில்லாத் துறைக் கேடயத்தை அந்த ஆண்டு இரண்டு பிரிவுகளும் பகிர்ந்துகொள்கின்றன, சிறப்பு விருந்தினராக அவள் மேடைக்கு வர வேண்டும் என்றார்கள். வேன்காரருக்குப் போக இஷ்டமில்லை. "போலாம்," என்றாள் அவள். "அந்த டாக்டரம்மாவ ஒரு தடவ பாக்கணும்."

விழா அரங்கு அவசர சிகிச்சைக் கூடத்தை ஒட்டி இருந்தது. கூட்டம் அதிகம் என்பதால் நடுக்கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அவளோடு வேன்காரரையும் மேடையில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கூடத்தின் தரைக்கோடு நன்றாகத் தெரியும். கம்பி டாக்டர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேச்சாளர் பட்டியலில் அவர் இல்லை.

எலும்புத் தலைவர் பேசிக்கொண்டிருந்தபோதுதான் கீச்சென்று அந்தச் சக்கரச் சத்தம் கேட்டது. வேன்காரர் திரும்பிப் பார்த்தார். ஒரு வண்டி கோட்டின் மேல் வந்து நின்றது. தலை மஞ்சளில், கால் பச்சையில். படுத்திருந்தவன் சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் போலிருந்தான், துணியெல்லாம் சிமெண்ட். வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பக்கத்தில் அவன் அப்பா, மகனின் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். ரத்தப் பையோடு வந்த நர்ஸிடம் அவர் சொன்னது மட்டும் மேடைவரை கேட்டது.

"தண்ணி கேக்குறாம்மா."

இங்கே முதல்வர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்தச் சகோதரி விஷயத்துல நாம நெறைய கத்துக்கிட்டோம். கூட்டத்துல நேரம் வீணாகுதுன்னு ஒரு குறை இருந்துச்சு. அதனால ஒரு சீர்திருத்தம் கொண்டு வந்திருக்கோம். கூட்டம் நடக்கும்போது காலமாகறவங்களுக்கு அஞ்சலி செலுத்த இனிமே அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. அந்தந்தக் கூட்டத்தோட முடிவுலயே செலுத்திடலாம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"பழைய முறையில இது கடைசி அஞ்சலி. எல்லாரும் எழுந்திருங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது."

அரங்கே எழுந்து தலை குனிந்தது. அந்த அமைதியில் கூடத்திலிருந்து கொத்தனாரின் மூச்சு இரைப்பது கேட்டது. வேன்காரரின் மணிக்கட்டை ஒரு கை இறுகப் பிடித்தது. மனைவி அவரைப் பார்த்தாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. போங்க.

அவர் மேடையிலிருந்து இறங்கினார். வரிசைகளுக்கு நடுவே நடந்தார். அவருடைய செருப்புச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வயிற்றுத் தலைவரின் கண்கள் அவர் பின்னாலேயே வந்தன. ஆனால் தலை குனிந்தே இருந்தது. அஞ்சலியின்போது அசையக் கூடாது. அந்த நிறுவனம் எந்த விதியை மீறினாலும் இதை மட்டும் மீறாது. கடைசி வரிசையில் கம்பி டாக்டர் அவரைப் பார்த்தார். அப்புறம் வண்டியைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார்.

வேன்காரர் வண்டியைத் தள்ள, சக்கரம் கீச்சிட்டது. கோட்டை விட்டு இறங்கி, மஞ்சளும் பச்சையும் இல்லாத நடைபாதையில் அது கீச்சிட்டுக்கொண்டே போவதை, அரங்கு முழுவதும் தலை குனிந்து கேட்டது. கம்பி அறைக் கதவு சாத்தும் சத்தம். அந்தக் கதவுக்கு மேலே, உள்ளே சிகிச்சை நடக்கும்வரை எரியும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"எல்லாரும் உக்காரலாம்," என்றார் முதல்வர்.

"யாரு அனுப்புனது?" என்று கத்தினார் வயிற்றுத் தலைவர். அஞ்சலி முழுக்க அடக்கி வைத்திருந்த கத்தல் அது. "கூட்டம் நடக்கல, உரிமை முடிவாகல. யாரு அனுப்புனது?"

எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் மட்டும் கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.

"நான் அனுப்புனேன்."

"நீங்களா? நீங்க எந்தப் பிரிவு?"

"பொம்மைப் பிரிவு," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அவள் உட்காரவும் இல்லை. நடைபாதையின் கோடியில் எரிந்த விளக்கையே பார்த்துக்கொண்டு, அது அணைகிற வரைக்கும் நின்றாள்.